பீடி சுற்றும் தாய்மார்களுக்கு: உட்காரும் முறையும் இடுப்பு வலியும்



"காலையில எந்திரிக்கும்போதே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கேன்" என்று திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பலர் சொல்வதுண்டு. வயசாகிவிட்டது, என்ன செய்ய என்று விட்டுவிடுகிறார்கள். முப்பது வயதில் என்ன பெரிய வயசு? இந்த வலிக்குப் பெரும்பாலும் காரணம், பல மணி நேரம் ஒரே மாதிரிக் குனிந்து உட்கார்ந்திருப்பதுதான்.

நம் தலை சுமார் 5 கிலோ எடை உள்ளது. நிமிர்ந்திருந்தால் அதை முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். மடியிலுள்ள தட்டைப் பார்த்துக் குனிந்தாலோ, பிடரித் தசைகள்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு செம்புத் தண்ணீரைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். சற்று நேரத்தில் கை கடுக்கும். இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறைவதால் வரும் கடுப்பு அது. பிடரியிலும் தோளிலும் இடுப்பிலும் நாள் முழுக்க நடப்பது இதுவே.

ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நாக்கெம்சன் 1960-களில், இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போலுள்ள வட்டுகளின் அழுத்தத்தை ஊசி செலுத்தி அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிடக் குனிந்து உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்று தெரிந்தது. "உட்கார்ந்த வேலைதானே" என்று வீட்டில் யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

செலவில்லாத வழிகள் இருக்கின்றன. வெறுந்தரையில் உட்காராமல், மடித்த போர்வையையோ மணையையோ போட்டு உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயர்ந்தால் முதுகு தானாக நிமிரும். சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, இடுப்பின் குழிவில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். மடியில் தலையணை வைத்து அதன்மேல் தட்டை வைத்தால் இலை கண்ணுக்குக் கிட்ட வரும், கழுத்து அவ்வளவு குனியாது. வெளிச்சம் தட்டின்மேல் விழட்டும். இருட்டில்தான் அதிகம் குனிகிறோம். சம்மணத்திலேயே இராமல் இடையிடையே காலை நீட்டிக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்தாலும், எழுந்திருக்காவிட்டால் பயன் குறைவு. "எந்திரிச்சா எண்ணிக்கை குறையுமே" என்பீர்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் ஒரு நிமிஷம் போதும். கடிகாரம் பார்க்க வேண்டாம். 50 பீடி முடிந்ததும் எழுந்து, இடுப்பில் இரு கைகளையும் வைத்து 5 தடவை மெதுவாகப் பின்னால் சாயுங்கள். தோள்களை மேலே தூக்கிப் பின்னால் சுழற்றுங்கள். வலி படுத்த படுக்கையாக்கினால் போகும் கூலியோடு பார்த்தால் இந்த நிமிஷம் ஒன்றுமில்லை.

குடம் தூக்கும்போது முழங்காலை மடக்கித் தூக்குங்கள்; ஒரே இடுப்பில் சுமக்காமல் மாற்றி மாற்றிச் சுமக்கலாம். வீட்டு ஆண்களும் இரண்டு குடம் எடுத்து வரலாம், தவறில்லை.

கடையில் வலி மாத்திரை வாங்கி, வெறும் டீயோடு தினமும் விழுங்குவது கெடுதல். வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் பழுதாகலாம். வலி வந்தால் நாள்கணக்கில் படுத்திருக்கவும் வேண்டாம். முடிந்தவரை நடமாடுவதே குணம் தரும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

வலியோடு காய்ச்சல், கால் மரத்துப்போதல், கால் பலம் குறைதல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிக்கு இடுப்பு வலி விட்டுவிட்டு வந்து வயிறும் இறுகினால், அது உட்கார்ந்ததால் வந்த வலி என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது; 108-ஐ அழையுங்கள்.