கினோவாவா, கவுனியா?

சர்க்கரை நோய்க்கு உணவு ஆலோசனை பெற வருவோர் அண்மைக்காலமாக எங்களிடம் ஒன்றைத் தவறாமல் கேட்கின்றனர்: "அரிசியை விட்டுவிட்டுக் கினோவாவுக்கு மாறிவிடலாமா?" வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் அனுப்பிய பொட்டலத்தைக் கையோடு கொண்டு வருவோரும் உண்டு.

கினோவா தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டுப் பயிர். பொலிவியாவிலும் பெருவிலும் பல்லாயிரம் ஆண்டுகளாக விளைகிறது. வறட்சியையும் உவர்நிலத்தையும் தாங்கும். ஐக்கிய நாடுகள் அவை 2013-ஐக் கினோவா ஆண்டாக அறிவித்தது. தானியம் போலத் தோன்றினும் அது நெல்லின் இனமன்று. நம் சக்கரவர்த்திக் கீரையின் நெருங்கிய உறவு. விதையின் மேல் சப்போனின் என்னும் கசப்புப் பொருள் படிந்திருப்பதால், நுரை அடங்கும்வரை கழுவிய பின்னரே சமைக்கவேண்டும்.

சமைக்காத 100 கிராம் கினோவாவில் ஏறத்தாழ 14 கிராம் புரதமும் 7 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. தீட்டிய அரிசியில் புரதம் இதில் பாதியளவே. ஆனால் பலரும் கவனியாதது, அதே 100 கிராமில் 64 கிராம் மாவுச்சத்தும் இருப்பதே. வெந்த கினோவா ஒரு கிண்ணம் உண்டால் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து உடலில் சேரும். "நல்ல உணவுதானே" என்று இரு கிண்ணம் உண்டவருக்குச் சர்க்கரை ஏறுவதில் வியப்பில்லை.

நம் செட்டிநாட்டுக் கவுனி அரிசிக்கும் இது பொருந்தும். அதன் கருநிறத்தைத் தரும் ஆந்தோசயனினும், தவிட்டிலுள்ள நார்ச்சத்தும் நல்லவையே. எனினும் திருமண விருந்தில் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்த்துப் பரிமாறப்படும் கவுனி அரிசி ஓர் இனிப்பே. அதை மருந்தென எண்ணி உண்ணலாகாது. இரவு ஊறவைத்துக் குழைய வேகவைத்து, உப்பிட்ட கஞ்சியாக அளவோடு அருந்தலாம்.

சிறுநீரக நோயாளிகளிடம் நாங்கள் கண்டிப்பாகவே பேசுகிறோம். 100 கிராம் கினோவாவில் பொட்டாசியம் 560 மில்லிகிராம் அளவில் உள்ளது. தீட்டிய அரிசியில் 115 மட்டுமே. பாஸ்பரசும் மிகுதி. டயாலிசிஸ் செய்துகொள்வோர் மருத்துவரைக் கேளாமல் இதற்கு மாறினால், இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்து இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம்.

விலையையும் கருதவேண்டும். சிகிச்சைச் செலவுக்கே திணறும் குடும்பத்திற்கு வரகும் குதிரைவாலியும் போதும். இன்சுலின் போடுவோர் சோற்றின் அளவைத் திடீரெனக் குறைத்தால் தாழ்சர்க்கரை மயக்கம் நேரலாம்; மருந்தளவை நீங்களாக மாற்றவேண்டா. அடுத்த முறை வரும்போது அண்மைய இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன், வீட்டில் சோறு அளக்கும் கிண்ணத்தையும் கொண்டு வாருங்கள்.