“கேஸ் இருந்தா அவ்வளவுதான்”

அரசு வேலைக்குத் தேர்வானவன் கையில் அட்டெஸ்டேஷன் ஃபார்ம் வந்ததும் வீட்டில் சின்ன மாநாடே கூடிவிடும். எப்போதாவது கைதானதுண்டா, காவலில் வைக்கப்பட்டதுண்டா, வழக்கு, அபராதம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். கல்லூரி நாளில் மறியலுக்குப் போய், கல்யாண மண்டபத்தில் போலீஸ் போட்ட பொட்டலச் சோற்றைத் தின்றுவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியது பையனுக்கு ஞாபகம் வரும். “இல்லைன்னு போடுடா, கேஸ்னு தெரிஞ்சா வேலை அவ்வளவுதான்” என்பார் பெரியப்பா.

பெரியப்பா சொல்வதில்தான் ஆபத்து. மறைத்தாலோ பொய் சொன்னாலோ தகுதியிழப்பு என்று அதே ஃபார்மின் தலைமாட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். வழக்கு இருந்தாலே வேலை போய்விடும் என்பதும் சரியல்ல. 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை அலசியது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் மறைத்திருந்தால்கூட, அதிகாரி மன்னிக்கலாம் என்றது. ‘மன்னிக்கலாம்’ என்றுதான் சொன்னார்களே தவிர, மன்னித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நூலிழையை நம்பி ‘இல்லை’ என்று எழுதுவது சூதாட்டம். ஃபார்மில் தெளிவாகக் கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை என்று குற்றம் பிடிக்க முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

“கோர்ட்டே விடுதலை பண்ணிட்டது, இனி யார் கேட்பா?” இதை நம்பி ஏமாந்தவர்கள், குறிப்பாகக் காவலர் தேர்வு எழுதியவர்கள், நம் ஊரில் ஏராளம். எப்படி விடுதலையானார் என்பதுதான் கேள்வி. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விட்டிருந்தாலோ, புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சியாகி வழக்கு விழுந்திருந்தாலோ, தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி அவர் ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்’தான். பங்காளிச் சண்டையில் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேசி, சாட்சிகள் “எனக்கு எதுவும் தெரியாதுங்க” என்று கூண்டில் சொல்லி முடிந்த வழக்கெல்லாம் இந்த வலையில்தான் வந்து விழுகிறது. வெரிஃபிகேஷன் நடக்கும்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு மாசற்றவர் என்றே தீர்ப்பானாலும், அந்த முறை இடம் கிடையாது; அடுத்த தேர்வில் முதலிலிருந்து ஓட வேண்டும். கடுமையான விதிதான். வயது வரம்பை நெருங்கியவனுக்கு அடுத்த தேர்வு என்பதே இல்லாமல் போகலாம்.

கட்சிக் கூட்டத்துக்குப் போனவனை எடுக்க மாட்டார்கள் என்பது பழைய பயம். மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியரின் முன்னாள் அரசியல் தொடர்பைப் போலீஸ் அறிக்கை சொன்னதால் வேலையிலிருந்து நீக்கினார்கள். 1983-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்த நீக்கம் செல்லாது என்றார்.

ஆகவே பையன் ‘ஆம்’ என்றே எழுதட்டும். எந்த ஸ்டேஷன், வழக்கு எண் என்ன, எந்தக் கோர்ட், எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கட்டத்துக்குள் அடங்காவிட்டால் தனித்தாளில் எழுதி, தீர்ப்பு நகலோடு இணைக்கலாம். ஜெராக்ஸ் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.