செட்டிபாளையம் கேலரிக்குப் புதுசா வர்ற தம்பிகளுக்கு

1. கரி மோட்டார் ஸ்பீடுவேக்குள்ள நுழைஞ்சதும் "யாரு முன்னால போறது?"ன்னு கேக்காதீங்க கண்ணுங்களா. அதை மைக்கில சொல்லிட்டேதான் இருப்பாங்க. இடைவெளி கூடுதா குறையுதான்னு பாருங்க. முன்னவனுக்கும் பின்னவனுக்கும் 4 நொடி இடைவெளி, பின்னவன் லேப்புக்கு அரை நொடி குறைக்கறான்னு வெச்சுக்கோங்க. எட்டாவது லேப்ல ஒட்டிருவான். பந்தயத்துல மிச்சம் ஆறு லேப்தான்னா, முன்னவன் எதுக்குப் பதறணும்?

2. ஒரே இடத்துல நில்லுங்க. ஒரு விளம்பரப் பலகையைக் குறி வெச்சுக்கிட்டு, முன்னவன் தாண்டறப்ப ஸ்டாப்வாட்சை அமுக்குங்க, பின்னவன் தாண்டறப்ப நிறுத்துங்க. லேப் லேப்பா தாள்ல எழுதுங்க. போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே இதைச் செய்ய முடியாது. நம்ம ட்ராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான், பின்தங்கின கார் சீக்கிரமே குறுக்க வந்துரும். அப்படிக் கெட்ட லேப்பைச் சுழிச்சு வெச்சுட்டு மத்ததைப் பாருங்க.

3. காதையும் தீட்டுங்க. ஒரே கார்னருக்கு ஒருத்தன் கொஞ்சம் முன்னாலயே ஆக்சிலரேட்டரை விடறான்னா, டயரை மிச்சம் பிடிக்கறானோ, பிரேக் சூடாயிருச்சோ. அடுத்த மூணு லேப்ல தெரிஞ்சுரும்.

4. ஒரே காரு ஓட்டறவங்களைத்தான் ஒப்பிடணும். எல்ஜிபி ஃபார்முலா 4-ல எல்லாருக்கும் ஒரே வகைக் காருங்கறதால அது சுலபம். ஃபார்முலா ஒன்ல டீமுக்கு டீம் காரு வேற. அங்க டீம்மேட்டுதான் அளவுகோல். 2011-ல நொய்டா பக்கம் நடந்த இந்தியன் கிராண்ட் பிரீல நம்மூரு நரேன் கார்த்திகேயன் 17-வது. பேப்பர்ல பாத்தா சப்புன்னு இருக்கும். அதே எச்ஆர்டி காருல வந்த டேனியல் ரிக்கார்டோ 18-வது. பின்னாள்ல எட்டு கிராண்ட் பிரீ ஜெயிச்ச ஆளு அவரு. அதுக்காக நரேன்தான் பெரியவருன்னு ஒரே பந்தயத்தை வெச்சுத் தீர்ப்பு எழுதிராதீங்க.

5. முடிவுப் பட்டியலை மட்டும் நம்பறவங்களுக்கு 2005 இண்டியானாபோலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயத்தைக் காட்டுவேன். நரேன் நாலாவது, 5 புள்ளி. ஓடுனதே ஆறு காரு! அந்த வருஷ விதிப்படி பந்தயத்துக்கு நடுவுல டயர் மாத்தக் கூடாது. சாய்வான கடைசி வளைவுல மிஷெலின் டயர் தாங்காதுன்னு 14 காரு ஃபார்மேஷன் லேப்போட பிட்டுக்குத் திரும்பிருச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மட்டும் மிச்சம். நம்ம பையன்னு கொண்டாடுனவங்களும் ஆளில்லாத பந்தயம்னு சிரிச்சவங்களும், மூணாவதா வந்த அதே ஜோர்டான் டீம் மோன்டேரோவோட நரேன் லேப் டைமைப் பக்கத்துல வெச்சுப் பாக்கலை. பாக்க வேண்டியது அதுதான்.

6. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பலமா அடிக்கும். எதிர்க்காத்துல நேர்ச்சாலையில தனியா போறவன் வேகம் குறையும், முதுகுல ஒட்டி வர்றவனுக்கு லாபம் கூடும். தாளோட மேல்மூலையில காத்து எந்தப் பக்கம்னு ஒரு அம்புக்குறி போட்டுட்டு அப்புறம் எழுத ஆரம்பிங்க.