எல்சா என்னும் பெண்சிங்கம்

சிங்கமும் மனிதரும் சிநேகித்த கதையைச் சொல்லின் மாணாக்கர் விருப்பத்தோடு கேட்பர். ஆயின் உபாத்தியாயர்கள் அதிற் பாதியை மாத்திரஞ் சொல்லிப் பாடத்தை முடித்துவிடுதல் உண்டு. யாமும் நெடுங்காலம் அவ்வாறே செய்தோம்.

கீழை ஆபிரிக்காவிலுள்ள கெனியாவின் வடபாகத்திலே ஜோர்ஜ் அடம்சன் என்பவர் வனவிலங்குகளைக் காக்கும் உத்தியோகத்தராயிருந்தார். 1956ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே, தம்மேற் பாய்ந்து வந்த பெண்சிங்கமொன்றை அவர் சுட்டுக் கொன்றார். பாறையிடுக்கிலே மூன்று குட்டிகளைக் கண்ட பின்னரே அது சீறியதன் காரணம் விளங்கிற்று. குட்டிகளை எடுத்துச் சென்று, மனைவியார் ஜோய் என்பவரோடு சேர்ந்து வளர்த்தார். பெரிய குட்டிகளிரண்டும் ஒல்லாந்து தேசத்து றொட்டர்டாம் நகர மிருகக்காட்சிச்சாலைக்கு அனுப்பப்பட்டன. மிகச் சிறியதாகிய எல்சா அவரிடமே தங்கிற்று.

இவ்விடத்தே கதையை நிறுத்தி, "தாயைக் கொன்ற கையே குட்டியை வளர்த்தது, இதனை யாதென்பீர்?" என்று பிள்ளைகளை வினாவுக. விடையை நாம் சொல்லலாகாது.

வளர்த்தல் எளிது, பிரிதலே அரிது. சிங்கக்குட்டி வேட்டையைத் தாயிடத்தே பழகுவது. தாயில்லாத எல்சா வளர்ந்தபின் அதற்கு இரண்டே வழியிருந்தன: ஒன்று கூடு, மற்றது காடு. அடம்சன் தம்பதிகள் காட்டையே தெரிந்தனர். முதலில் விட்ட இடம் ஒவ்வாமையால் அது நோய்ப்பட்டது. பின்பு மேரு என்னும் பிரதேசத்துக்குக் கொண்டு சென்றனர். அங்கே சில நாள் தனியே விட்டகல்வர். திரும்பி வருங்கால் அது பசியோடு காத்திருக்கும். தம்மை நம்பிய உயிரை அதன் நன்மை கருதியே பசிக்க விடுதல் எத்துணைக் கடினமென்பதைப் பிள்ளைகளுக்கு விரித்துரைக்க. சிறிது சிறிதாக அது தானே இரை கொல்லப் பழகிற்று. காட்டுச் சிங்கத்தோடு கூடி 1959ஆம் ஆண்டு டிசெம்பரில் மூன்று குட்டிகளை ஈன்றது. சில வாரங்களின்பின் அக்குட்டிகளை ஆற்றைக் கடத்திக் கொணர்ந்து இவர்கள் முன்னே விட்டது. ஜோய் அம்மையாரோ அவற்றைத் தொட்டுப் பழக்குவதில்லையென உறுதி பூண்டார், அவை காட்டுக்குரியனவன்றோ!

1961ஆம் ஆண்டு ஜனவரியில், உண்ணிகளாற் பரவும் இரத்தநோயினால் எல்சா இறந்தது. வேட்டை நன்கு பயிலாத குட்டிகள் அயலாரின் ஆடுகளைக் கொல்லத் தொடங்கவே, அவற்றைப் பிடித்துச் செரங்கெற்றி வனத்தில் விட்டனர்.

ஜோர்ஜ் அடம்சன் பின்னும் பல சிங்கங்களைக் காட்டுக்குப் பழக்கி, கோரா என்னுமிடத்தே முதுமைவரை வாழ்ந்தார். 1989இல் அவர் கொல்லப்பட்டாரெனில், "எந்தச் சிங்கம் கொன்றது?" என்று பிள்ளைகள் கேட்பர். சிங்கமன்று, துப்பாக்கி தாங்கிய கொள்ளைக்காரரே அவரைச் சுட்டனர்.