பூனைக்குட்டியும் நம் கைகளும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

‘பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. அந்த எலியின் இடத்தில் நம் கை இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பூனைக்குட்டி வளர்த்த ஒவ்வொருவரும் அறிவர். கொஞ்ச நீட்டிய கையைக் கவ்வுகிறது. மடியில் வைத்தால் பின்னங்கால்களால் பிறாண்டுகிறது. உடனே ‘இது கெட்ட பூனை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். அது கெட்ட பூனை அன்று, கல்லாத பூனை என்பதையும், அதற்குக் கற்பிக்கும் வழியையும் இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

நெசவாளர் வீட்டில் பூனை

எங்கள் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில், திருஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீசுவரர் கோயில் கொண்ட ஊர். எங்கள் வீட்டில் பட்டுத்தறி உண்டு. பாவுக்குப் போடும் கஞ்சியின் வாசனைக்கு எலி வரும். எலி ஓரிடத்தில் கடித்தாலும் பல இழைகள் அறுந்துபோகும். ஆகவே தறி உள்ள வீட்டுக்குப் பூனை துணை.

ஆனால் அதே பூனை நெசவாளியின் விரலைக் கீறிவிட்டால்? காயம் காய்ந்த இடத்தின் சொரசொரப்பில் பட்டிழை சிக்கிப் பிசிறும். ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் சேலை வீண். விரல் ஆறும்வரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை. இதனாலேயே கீறும் குட்டியைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவருகிறார்கள். அப்படி விடப்பட்ட குட்டி பிழைப்பது அரிது. ஆகவே இது கைக்கு மட்டுமன்று, குட்டியின் உயிருக்கும் உரிய பிரச்சினையாகும்.

நகமும் பல்லும்

தொல்காப்பிய மரபியல், ‘குட்டி’ என்னும் இளமைப் பெயரைக் கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்குக்கும் உரியதாக்குகிறது. வெருகு என்பது பூனை. பெயரில் ஒன்றான பூனைக்குட்டியையும் எலிக்குட்டியையும் வேட்டை மிருகம் என்றும் இரை என்றும் பிரிப்பவை நகமும் பல்லுமே.

பூனைக்கு முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு என 18 நகங்கள். நடக்கும்போதும் உறங்கும்போதும் மீள்தன்மையுள்ள ஒரு தசைநார் முன்னங்கால் நகத்தை உறைக்குள் இழுத்து வைத்திருக்கிறது. தசை சுருங்கினால்தான் நகம் வெளிவரும். அதாவது, நகத்தை நீட்டுவது பூனை செய்யும் ஒரு செயல். நீட்டாமல் இருக்க அதனால் முடியும். பயிற்சிக்கு இடம் தருவது இந்த அமைப்புதான். பால்பற்கள் 26. இவை ஏறத்தாழ ஆறாம் மாதத்திற்குள் விழுந்து, 30 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அதற்குள் கற்பித்துவிடுவது நலம்.

விளையாட்டே பள்ளிக்கூடம்

ஏறத்தாழ நான்காம் வாரத்தில் குட்டிகள் ஒன்றோடொன்று விளையாடத் தொடங்குகின்றன. பதுங்குதல், பாய்தல், கவ்வுதல், உதைத்தல் எல்லாம் வேட்டையின் பாடங்கள். ஒரு குட்டி பலமாகக் கடித்தால் மற்றது கத்திக்கொண்டு விலகிவிடும், ஆட்டம் நின்றுவிடும். தாயும் அளவு மீறும் குட்டியைத் தட்டி வைக்கும். இப்படித்தான் ‘இவ்வளவு கடிக்கலாம், இதற்கு மேல் கூடாது’ என்ற அளவு பதிகிறது. கண் திறந்தவுடன் தாயிடமிருந்து தூக்கிவந்த குட்டி இந்தப் பள்ளிக்கூடத்துக்கே போகாத குட்டி. எட்டு வாரமாவது தாயுடனும் உடன்பிறந்த குட்டிகளுடனும் இருக்கவிட வேண்டும்.

தார்ன்டைக்கின் பெட்டி

பூனை எவ்வாறு கற்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்தவர் எட்வர்டு தார்ன்டைக் என்ற அமெரிக்க அறிஞர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1898-இல் அவர் அளித்த ஆய்வேட்டில் பசித்த பூனைகளே மாணவர்கள். பூனையை ஒரு பெட்டியில் அடைத்து, வெளியே உணவு வைத்தார். கயிற்று வளையத்தை இழுத்தாலோ நெம்புகோலை அழுத்தினாலோ கதவு திறக்கும். முதலில் பூனை கண்டபடி பிறாண்டித் தற்செயலாகவே வெளிவந்தது. திரும்பத் திரும்ப அடைத்தபோது எடுத்துக்கொண்ட நேரம் படிப்படியாகக் குறைந்தது. நற்பயன் தந்த செயல் நிலைக்கிறது என்ற இவ்வுண்மையை அவர் ‘விளைவு விதி’ என்றார்.

இவ்விதியை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். குட்டி கையைக் கடிக்கிறது. நாம் கையை வெடுக்கென்று இழுக்கிறோம். ஓடும் இரையைப் போலக் கை ஓடுகிறது. விளையாட்டு சூடு பிடிக்கிறது. குட்டிக்கு இது பரிசு. அடித்தாலோ, அது கடியை விடுவதற்குப் பதிலாகக் கையைக் கண்டு அஞ்சக் கற்கிறது. அஞ்சிய பூனை மேலும் கீறும்.

எங்கள் வீட்டில் கையாண்ட முறை

இவ்வாண்டு எங்கள் வீட்டுக்கு வந்த குட்டிக்கு நான் இந்த விதியைக் கொண்டு பயிற்சி தந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். “ஏண்டா, பூனைக்குப் பாடம் நடத்தவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?” என்று ஆயா சிரித்தார். நாங்கள் பின்பற்றியவை ஐந்து.

ஒன்று: கை உணவு தரும், தடவித் தரும்; ஒருபோதும் விளையாட்டுப் பொருள் ஆகாது. விளையாட, ஒரு முழக் குச்சியின் நுனியில் துணி முடிச்சு.

இரண்டு: கடித்தால் கையை இழுக்காமல் அப்படியே அசைவற்று வைத்திருப்பது. பிடி தளர்ந்ததும் மெல்ல எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுவது. ஓரிரு நிமிடம் கழித்தே திரும்புவது. கடித்தால் ஆட்டம் முடிந்தது என்பதே பாடம்.

மூன்று: நகம் தீட்ட இடம் தருவது. பூனை தீட்டுவது நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், தன் வாசனையைப் பதிக்கவுமே. தறியின் பக்கம் போகாதபடி, ஒரு கட்டையில் தேங்காய் நார்க்கயிற்றை இறுகச் சுற்றி மூலையில் நட்டோம்.

நான்கு: அந்தி நேரத்தில், பூனைக்கு வேட்டை உணர்வு மிகும்போது, பத்து நிமிடம் குச்சியோடு ஓடவிட்டு, பிறகு சோறு வைப்பது. வேட்டை, உணவு, உறக்கம் என்ற இயற்கை வரிசை அது.

ஐந்து: வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம். இதுவே கடினமானது. சித்தப்பா போர்வைக்குள் விரலை ஆட்டிக் காட்டுவார். “சித்தப்பா, நீங்க ஒரு நாள் ஆட்டினா எங்க பத்து நாள் பாடம் போச்சு” என்று சொல்ல வேண்டியிருந்தது. எப்போதாவது கிடைக்கும் பரிசே பழக்கத்தை மறக்க விடாது என்பதை ஸ்கின்னர் என்ற உளவியலறிஞர் புறாக்களைக் கொண்டு காட்டியிருக்கிறார்.

மூன்று வாரத்தில் கடி குறைந்தது. இரண்டாம் மாத முடிவில், தார் சுற்றும் அம்மாவின் மடியில் அது நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு படுத்தது.

தறி வீடுகளுக்கு ஓர் எச்சரிக்கை: பட்டு நூலையும் சரிகையையும் விளையாடக் கொடுக்காதீர்கள். பூனையின் நாக்கு முட்கள் பின்னோக்கி வளைந்தவை; வாயில் சிக்கிய நூலைத் துப்புவது கடினம். விழுங்கிய நூல் குடலைச் சுருக்கி உயிருக்கே உலை வைக்கும்.

கடிபட்டால்

பூனையாலும் ரேபிஸ் பரவும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்கலாகாது. குழாய் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயத்தால் இன்றும் சிலர் மறைக்கிறார்கள். அந்தப் பழைய ஊசி இப்போது இல்லை. கையில் தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், தொடர்ந்து 3, 7, 28-ஆம் நாள்களிலும் போடுகிறார்கள். காயம் ஆழமானால் அதைச் சுற்றிச் சீரமும் செலுத்துவர். குட்டிக்கும் மூன்று மாதத்தில் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

முடிவுரை

நகமும் பல்லும் இயற்கை தந்தவை. அவற்றை எங்கே காட்டக்கூடாது என்பது நாம் தர வேண்டிய கல்வி. அதற்குப் பிரம்பு வேண்டாம். பொறுமையும், வீட்டார் அனைவரின் ஒற்றுமையும் போதும். எலி பிடிக்கும் பூனையும் வேண்டும், நெய்யும் கையும் வேண்டும். இரண்டையும் காக்க முடியும் என்பதே நான் கண்ட முடிவு. அக்கரைக்குச் சாக்கைத் தூக்கும் முன், நண்பர்களே, இரண்டு மாதம் பொறுத்துப் பாருங்கள்.