துத்தநாகமும் ஆண்மையும்

தஞ்சை வயல்களில் நட்ட சில வாரங்களில் நெல்லிலையில் துருநிறப் புள்ளிகள் தோன்றுவதுண்டு. மண்ணில் துத்தநாகம் இருந்தும், தேங்கிய நீர் அதனைப் பயிருக்கு எட்டாதபடி செய்துவிடுகின்றது. ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இட, பயிர் தேறும்.

மனிதர்க்கும் இங்ஙனமே. நம் சரீரத்திலுள்ள துத்தநாகம் ஏறத்தாழ இரண்டு கிராமே. ஆயினும் சுக்கிலத்தில் அது இரத்தத்தினும் பன்மடங்கு செறிந்துள்ளது. பீகாரில் பிறந்த வைத்தியர் ஆனந்த பிரசாத் 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் 21 வயது வாலிபன் ஒருவனைக் கண்டார். தோற்றத்தில் அவன் பத்து வயதுப் பாலகன். ஆண்மைக் குறிகள் வளரவில்லை. தவிடு நீக்காத கோதுமை ரொட்டியே அவனுக்குப் பிரதான உணவு, மண்ணும் தின்பானாம். ரொட்டியில் துத்தநாகம் இல்லாமலில்லை. தவிட்டின் பைட்டேட் அதனைப் பற்றிக்கொண்டு குடலில் சேரவொட்டாது தடுத்தது. (மாவு புளிக்குங்கால் அப்பற்றுத் தளரும், நம் இட்லிக்கு அந்நயம் உண்டு.) பின்னர் எகிப்தில் அத்தகையோர்க்குத் துத்தநாகம் அளிக்க, வளர்ந்து பருவமெய்தினர்.

இதுகேட்டு மாத்திரை வாங்க விரையும் வாலிபர் ஒன்று அறிக. அமெரிக்காவில் மகப்பேறு நாடிய 2,370 தம்பதியரிடை நடந்து 2020-இல் வெளியான பரிசோதனையில், கணவர்க்குத் துத்தநாகமும் போலிக் அமிலமும் ஆறு மாதம் அளித்தும் மகப்பேறு மிகவில்லை. சுக்கிலத்தின் தரமும் உயரவில்லை.