வில்லுக்கு மட்டும் விட்ட காணி

காணியைக் குத்தகைக்கு விடுவது பற்றி இப்பக்கத்தில் முன்னரும் எழுதியிருக்கிறேன். தென்னந்தோட்டம், வயல், கடையறை என நமக்குப் பழக்கமானவைகளே அவை. இவ்வாரம் எடுத்துக்கொண்டிருப்பது நமது நாட்டில் இல்லாத ஒரு குத்தகை. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் கால்நடைப் பண்ணைக் காணிகளை மான் வேட்டைக்காரர்களுக்கு, அதிலும் வில்லும் அம்பும் மட்டும் கொண்டு வருவோருக்கு, பருவக் குத்தகைக்கு விடுகிறார்கள். இலங்கையில் மான் வேட்டை குற்றம் என்பதால் இதை வாசித்துவிட்டு யாரும் தொழில் தொடங்கப் போவதில்லை. ஆனாலும் ஒரு காணியில் எதை விற்கிறோம், எதை விற்காமல் வைத்துக்கொள்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வேறு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

என் தங்கையின் மகன் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஹூஸ்டனில் இருக்கிறார். பெற்றோல் நிலையத்தோடு சேர்ந்த கடை அவருடையது. சில வருடங்களுக்கு முன் லானோ என்ற பிரதேசத்தில் 180 ஏக்கர் வாங்கினார். 180 ஏக்கரா என்று நாம் வாயைப் பிளப்போம். அங்கே அது சின்னக் காணி. தெற்கு டெக்ஸாஸில் இருக்கும் கிங் ராஞ்ச் என்ற பண்ணை மட்டும் 825,000 ஏக்கர். 2019 இல் நான் அங்கே போனபோது மருமகனின் காணியைச் சுற்றி நடந்தேன். கருங்கற்பாறை, ஓக் மரங்கள், முட்புதர், நடுவே வற்றிய ஓர் ஓடை. பின்னேரம் ஆனதும் நம்மூரில் ஆடு வருவது போல மான்கள் வந்தன. லானோவுக்கு "டெக்ஸாஸின் மான் தலைநகர்" என்றே பெயர்.

காணியில் அயலவர் ஒருவரின் மாடுகள் மேய்கின்றன. ஒரு சிறு வீடும் உண்டு. சனி, ஞாயிறுகளில் மருமகனும் மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான். வங்கிக் கடனும் வேலிச் செலவும் வருடா வருடம் கையைக் கடிக்க, 2021 இல் ஒருநாள் தொலைபேசி எடுத்தார்.

"மாமா, நாலு பேர் வேட்டைக்கிக் காணி கேட்டு வந்திருக்கிறாங்க. வில்லு மட்டும்தானாம். ஒரு தாள்ல எழுதி வெச்சிருக்கிறன். நீங்க ஒருக்காப் பாருங்க."

தாள் வந்தது. பெயர்கள், ஏக்கர், தொகை, 'வில் வேட்டை மட்டும்' என்று ஒரு வரி, கையொப்பத்துக்கு இடம். அவ்வளவுதான்.

அதைக் கண்டதும் எனக்கு 1998 ஞாபகம் வந்தது. குருநாகல் மாவட்டத்தில் என்னிடம் இருந்த 12 ஏக்கர் தென்னந்தோட்டத்தை மூன்று வருடக் குத்தகைக்கு வாயால் பேசி விட்டேன். குத்தகைக்காரர் தேங்காய் பறித்தார், அது சரி. ஓலை விற்றார், பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் வருடம் போய்ப் பார்த்தால் ஒரு மூலையில் முக்கால் ஏக்கரளவு செங்கல்லுக்கு மண் வெட்டி எடுத்துக் குளமாக்கியிருந்தார். கேட்டதற்கு, "மண் எடுக்கக் கூடாது என்று ஹாஜியார் சொல்லவில்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் சொல்லத்தான் இல்லை. அந்தக் குழியில் இன்றும் தண்ணீர் நிற்கிறது.

எனவே மருமகனிடம் நான் முதலில் கேட்டது, "நீ என்னத்த விக்கிறாய்?" என்பதுதான். "மான்" என்றார். அங்கேதான் பிழை. டெக்ஸாஸ் சட்டப்படி காட்டு மிருகம் மாநில மக்களின் சொத்து. காணிக்காரருக்கு அதில் உரிமை இல்லை. எத்தனை மான் சுடலாம், எந்த மாதத்தில் சுடலாம் என்பதெல்லாம் மாநில அரசின் தீர்மானம். வேட்டைக்காரர் தனக்குரிய அனுமதிப்பத்திரத்தைத் தானே எடுக்க வேண்டும். வில்லுக்கென்று ஒதுக்கிய நாட்களில் மான் வேட்டையாடுவதென்றால் அதற்குத் தனியான ஒரு முத்திரையும் எடுக்க வேண்டும். ஆனால் அம்மாநிலத்தில் 95 வீதமளவு நிலம் தனியாருடையது. மான் பொதுச் சொத்து, அது நிற்கும் தரை தனிச் சொத்து. ஆகவே காணிக்காரர் விற்பது உள்ளே நுழையும் உரிமையை மட்டுமே. ஆகாயத்துப் பறவையையும் கடலிலுள்ள மீனையும் விற்க முடியாது என்று ஓதியவர்களுக்கு இது உடனே விளங்கும். மான் கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது என்பதைப் பத்திரத்தின் முதல் நிபந்தனையாக எழுதச் சொன்னேன்.

அடுத்து, ஏன் வில் மட்டும்? துவக்குக்காரர்கள் தலைக்கு அதிகம் தரத் தயாராக இருந்தார்கள். மருமகனுக்கும் அதில் ஓர் ஆசை இருந்தது. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ரைபிள் குண்டு பல நூறு அடிக்கு அப்பால் நிற்கும் மானையும் வீழ்த்தும், தவறினால் அதையும் தாண்டிப் போகும். வில்லுக்காரர் 60 அடி, 90 அடி தூரத்துக்கு மான் வரும்வரை காத்திருக்க வேண்டும். 180 ஏக்கரில், வீடும் பிள்ளைகளும் மாடுகளும் இருக்க, எத்தனை துவக்குகளை நம்பி உள்ளே விடலாம்? இரண்டு. அதுவும் மனப்பயத்தோடு. வில் என்றால் நான்கு பேரை வெவ்வேறு மூலைகளில் இருத்தலாம்.

சட்டமே இந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறது. நகரங்களை அண்டிய காணிகளில் நகரசபைகள் வில்லைத் தடை செய்ய முடியாதபடி டெக்ஸாஸ் சட்டம் வைத்திருக்கும் அளவு 10 ஏக்கர், அயல் வீட்டிலிருந்து 150 அடி. ரைபிளுக்கு அந்த அளவு 50 ஏக்கர், 300 அடி. வடக்கில் கிரேசன் என்றொரு பிரதேசம் இருக்கிறது. அங்கே மானுக்கு வில் மட்டுமே அனுமதி. பெரிய கொம்புள்ள மான்களுக்குப் பேர்போன இடமும் அதுதான்.

காலமும் கூடுதலாகக் கிடைக்கிறது. அங்கே வில்லுக்கென்றே செப்டெம்பர் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ ஐந்து வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நவம்பர் முதல் வாரத்தில் பொதுப் பருவம் தொடங்குகிறது. லானோ பக்கத்தில் அது ஜனவரி ஆரம்பம் வரை போகிறது. பொதுப் பருவத்திலும் வில் பாவிக்கலாம். ஆகவே வில்லுக்காரருக்கு மூன்று மாதத்துக்கும் மேல். துவக்குச் சத்தம் இரண்டு நாள் கேட்டால் மான் இரவு நடமாட்டத்துக்கு மாறிவிடும். வில்லில் அந்தத் தொந்தரவு குறைவு. பல வில்லுக்காரர்கள் பருவம் முழுக்க வந்து வெறுங்கையோடு திரும்புகிறார்கள். திரும்பியும் மறு வருடம் பணம் கட்டுகிறார்கள். அவர்கள் காசு கொடுப்பது மரத்தில் அமைதியாக இருக்கும் நேரத்துக்குத்தான் என்று மருமகன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் காணிக்காரருக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடையாது.

இனி அந்த ஒற்றை வரிக்கு வருவோம். 'வில் வேட்டை மட்டும்.' எது வில்? முறுக்குக் கப்பி வைத்த கம்பவுண்ட் வில் ஒன்று. விசையழுத்தி எய்யும் குரொஸ்போ இன்னொன்று. டெக்ஸாஸில் அதுவும் வில்லுக் காலத்தில் செல்லும். அடைத்த காற்றால் அம்பை எறியும் துவக்கு மாதிரி ஒரு கருவியும் இப்போது கடைகளில் விற்கிறது. மருமகன் முதல் இரண்டையும் சேர்த்து, மூன்றாவதை விலக்கினார். அடுத்தது காட்டுப்பன்றி. டெக்ஸாஸ் முழுக்க அதன் அட்டகாசம். "மானுக்கு வில்தான், பன்றிக்கு மட்டும் ரைபிள் கொண்டு வரலாமா?" என்று நால்வரில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி போலத்தான் இருக்கும். அதற்கு ஆம் என்றால் வில்லுக் குத்தகை அன்றோடு முடிந்தது. பாம்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாமா என்றும் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் விடையை எழுத்தில் வைத்தோம். பன்றியையும் வில்லாலேயே எய்யலாம், ரைபிள் வாயிற்கதவுக்குள் வரக்கூடாது, கைத்துப்பாக்கி வாகனத்திலேயே இருக்க வேண்டும். வான்கோழியும் வேறு மிருகமும் குத்தகையில் சேராது. எழுதிய நால்வருக்கு மட்டுமே உரிமை, கூட்டாளியைக் கூட்டி வரவோ மேல்குத்தகைக்கு விடவோ முடியாது.

வில்லுக்கே உரிய இன்னொரு சிக்கல் உண்டு. இதை நான் அறிந்திருக்கவில்லை, மருமகனின் சட்டத்தரணிதான் சொன்னார். அம்பு பட்ட மான் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது. சில நூறு அடி ஓடித்தான் விழும். வேட்டைக்காரர் பொறுத்திருந்து இரத்தத் தடயத்தைப் பின்பற்றிப் போவார். அந்தத் தடயம் வேலியைத் தாண்டினால்? அயற்காணிக்காரரின் சம்மதம் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. செத்துக் கிடக்கும் மானை எடுக்கவும் முடியாது. ஆகவே குத்தகைக்குக் கையொப்பம் வைக்க முன்னர் அயலவர் மூவரையும் போய்ச் சந்திக்கச் சொன்னேன். மருமகன் ஆளுக்கொரு பெட்டி சிலோன் தேயிலையோடு போனார். இருவர் சம்மதித்துத் தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். மூன்றாமவர் தேயிலையை வாங்கிக்கொண்டு, முடியாது என்றார். அதனால் அவருடைய வேலியிலிருந்து 500 அடிக்குள் பரண் கட்டக் கூடாது என்று எழுத வேண்டியதாயிற்று. ஓடை வளைகிற நல்ல மூலை அதில் போய்விட்டது. நால்வரும் முணுமுணுத்தார்கள்.

பரண் என்றேன். வில்லுக்காரர்கள் மரத்தில் பதினைந்து, இருபது அடி உயரத்தில் தட்டுக் கட்டி அதில் இருப்பார்கள். அம்பால் வரும் ஆபத்தைவிட இதிலிருந்து விழுவதே அவர்களுக்குப் பெரிய ஆபத்து. விழுந்தவர் காணிக்காரர்மீது வழக்குப் போட்டால் என்ன ஆகும்? மருமகன் இரவில் தூங்காமல் யோசித்தது இதைத்தான். ஒருவரின் முதுகெலும்பு முறிந்தால் காணியும் போய் ஹூஸ்டன் கடையும் போகலாம். டெக்ஸாஸில் இதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. விவசாயக் காணியில் பொழுதுபோக்குக்குக் கட்டணம் வாங்கினாலும், மொத்தக் கட்டணம் முந்திய வருடக் காணி வரியின் 20 மடங்குக்கு மேற்படாவிட்டால் காணிக்காரரின் பொறுப்பு வெகுவாகக் குறைகிறது. அந்த எல்லையைத் தாண்டினாலும் சட்டம் சொல்லும் அளவு காப்புறுதி இருந்தால் அதே பாதுகாப்புக் கிடைக்கும். ஆளுக்கு 500,000 டொலர், ஒரு சம்பவத்துக்கு 10 இலட்சம் டொலர், சொத்துச் சேதத்துக்கு 100,000 டொலர் என்பது அந்த அளவு. வேண்டுமென்றே செய்த தீங்குக்கும் படுமோசமான கவனயீனத்துக்கும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

மருமகனின் காணி வரி அவ்வருடம் 420 டொலர். மேய்ச்சல் காணி என்பதால் குறைவு. 20 மடங்கு 8,400. நால்வரிடமும் ஆளுக்கு 1,000 வீதம் 4,000 டொலர். வீட்டை இரவுக்கு வாடகைக்குக் கொடுக்கவும் அவர் யோசித்திருந்தார். அந்தப் பணமும் இதே கணக்கில்தான் விழும் என்று சட்டத்தரணி சொன்னதும் அதைக் கைவிட்டார். எல்லைக்குள் இருந்தும் காப்புறுதி எடுத்தோம். வேட்டைக்காரர்கள் தங்கள் பெயரில் எடுக்கும் காப்புறுதியில் காணிக்காரரின் பெயரையும் சேர்ப்பது அங்கே வழக்கம். அதன் பிரதி கையில் கிடைக்கும்வரை வாயிற்கதவின் சாவியைக் கொடுக்காதே என்று மட்டும் நான் சொன்னேன். பரணில் ஏறினால் பாதுகாப்புப் பட்டி கட்டாயம் என்பதையும், மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, பருவம் முடிந்து பதினைந்து நாளில் பரணைக் கழற்ற வேண்டும் என்பதையும் எழுதினார்கள்.

மாட்டுக்காரரை எல்லோரும் மறந்திருந்தார்கள். அவரும் குத்தகைக்காரர்தானே! ஒரே காணியில் இருவருக்கு உரிமை கொடுத்தால் முதலாமவரிடம் சொல்லாமல் இரண்டாமவரை உள்ளே விடக்கூடாது. அவருடைய கவலை அம்பு முனை. சவர அலகு போன்ற அந்த முனை புல்லுக்குள் கிடந்தால் மாட்டின் காலைப் பதம் பார்க்கும், உழவு இயந்திரத்தின் டயரையும் கிழிக்கும். அதனால் ஒவ்வொருவரும் கொண்டு வரும் அம்புகளை எண்ணி எழுதவும், காணாமல் போனதை அன்றே அறிவிக்கவும் ஒரு நிபந்தனை. கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடு, பூட்டியிருந்தால் பூட்டிவிடு என்று இன்னொன்று. பணத்தில் பாதி கையொப்பத்தன்று, மீதி செப்டெம்பர் முதலாம் திகதிக்கு முன். காலம் செப்டெம்பர் முதல் ஜனவரி வரை மட்டும். வருடம் முழுக்க என்று அவர்கள் கேட்டார்கள், பிள்ளைகளின் கோடை விடுமுறையை விற்க வேண்டாம் என்று மருமகனின் மனைவி சொல்லிவிட்டார். பத்திரம் ஒரு தாளிலிருந்து ஏழு தாளானது. சட்டத்தரணிக்கு 600 டொலர்.

முதற் பருவம் 2022. நான்கு பேரும் சேர்ந்து மூன்று மான். நவம்பரில் ஒருநாள் மாலை அம்பு பட்ட மானொன்று, சம்மதிக்காத அந்த மூன்றாமவரின் வேலியைத் தாண்டிப் போய் விழுந்தது. விழுந்து கிடப்பது இப்பக்கத்திலிருந்தே தெரிகிறது. எய்தவர் வேலியோரத்தில் நின்று மருமகனுக்கு அழைத்தார், மருமகன் ஹூஸ்டனிலிருந்து அயலவருக்கு அழைத்தார். பதில் இல்லை. ஏறிப் போய் எடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பத்திரத்தில் அது உடனடி நீக்கத்துக்குரிய குற்றம் என்று இருந்ததால் அந்த மனிதர் குளிரில் இரவு ஒன்பது மணிவரை அங்கேயே இருந்தார். கடைசியில் அயலவரே தன் வாகனத்தில் மானை ஏற்றிக்கொண்டு வந்து வாயிற்கதவடியில் இறக்கிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அவர் இன்னும் சம்மதக் கடிதம் தரவில்லை. அந்த 500 அடியும் அப்படியே இருக்கிறது. இரண்டாம் வருடம் நால்வரில் மூவர் புதுப்பித்தார்கள். பன்றிக்கு ரைபிள் கேட்டவர் வரவில்லை. அவருடைய இடத்துக்கு ஐந்து பேர் கேட்டு வந்தார்கள், மருமகன் அவர்களில் ஒருவரை எடுத்தார். தொகையை 1,200 ஆக்கட்டுமா என்று என்னிடம் கேட்டார். இவ்வருட வரிச் சிட்டையை எடுத்து 20 ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு அழைக்கச் சொன்னேன்.